நுரைமேல் உட்கார்ந்த கொக்குகள்

தென்பெண்ணை கொஞ்சம் தெளிந்திருக்கிறது, கொக்குகூட வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையோடு தொரப்பள்ளிப் பக்கம் போக ஆரம்பித்தேன். ஆற்றோரம் கீரை போடும் ஒரு அக்கா தன் வரப்பில் உட்கார இடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"கொக்கு போடு, வேணாங்கல. மழை பேஞ்சா கம்பெனிக் கழிவுல நொரை வருது பாரு, அதயும் போடு தம்பி. அந்தத் தண்ணில நின்னா கால் அரிக்குதுன்னா எவனும் நம்பமாட்டேங்குறான். படத்தப் பாத்தாவது நம்பட்டும்."

வாக்குக் கொடுத்தேன். ஆறு தெளிவதும் நிஜம், நுரையும் நிஜம். படத்தில் மூன்று கொக்குகள், தடுப்பணையை ஒட்டி நுரை. அந்த நுரைக்கு மட்டும் நான்கு ஞாயிறு பிடித்தது.

கம்பெனி ஆண்டு விழாவில் ஊழியர்களின் ஓவியங்களை வைப்பதாகச் சொன்னார்கள். என் ஷிஃப்ட்டிலேயே வேலை செய்யும் நண்பன் என்னைவிட நன்றாக வரைவான். "வார்னிஷ் நான் அடிச்சித் தரேன் மச்சான்" என்று படத்தை வாங்கிப் போனான். நம்பிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழாவுக்கு அக்காவை நானே அழைத்துப் போனேன். படத்தில் நுரை இருந்த இடமெல்லாம் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. மூலையில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அக்கா விரல்விட்டு எண்ணினார்.

"பதினோரு கொக்கு. நல்லாத்தான் இருக்குது தம்பி."

"நான் போடலக்கா!" வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

"கீழ உன் பேருதான இருக்குது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

நண்பனைப் பிடித்துக் கேட்டேன். "ஆறு நல்லாயிடுச்சின்னு எல்லாரும் சந்தோஷமா இருக்கறப்ப நொரை எதுக்குடா? உனக்குப் பரிசு கெடைக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றான். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. எதிரி செய்திருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இவன் கூடவே இருந்து குழி பறித்துவிட்டு, நன்றி வேறு எதிர்பார்த்து நின்றான். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளேடால் சுரண்டினேன். நுரையை மீட்டு அக்காவிடம் காட்டிவிட வேண்டும், வேறெதுவும் தோன்றவில்லை. அவன் பெயின்ட் என் பெயின்ட்டோடு கெட்டியாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கொக்கோடும் அடியிலிருந்த நுரையும் பெயர்ந்து வந்தது. எட்டாவதையும் சுரண்டி முடித்தபோது, அந்த இடத்தில் வெறும் கேன்வாஸ் துணிதான் இருந்தது.