வெயிலில் போட்ட பெஞ்சு

நகராட்சிப் பூங்காவுக்கு முப்பது வருடத் திட்டம் வரைந்தவள் அந்த ஊரிலேயே ஒரு வீட்டு மருமகள். மரங்கள் வளர்ந்த பிறகு நிழல் எங்கே விழுமோ, அங்கேதான் பெஞ்சு போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போட்டார்கள். பக்கத்தில் நட்ட கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. பெஞ்சோ அடுப்பாகக் கொதித்தது. ஊரே கிண்டலடித்தது. அவள் அசைந்து கொடுக்கவில்லை; ஆனால் பூங்கா வழியாக வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் கன்றுகளைப் பார்க்கப் போனபோது, அந்தப் பெஞ்சில் குடை பிடித்தபடி மாமனார் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பக்கத்தில் ஒரு துண்டை விரித்திருந்தார்.

"மாமா, இந்த வெயில்ல என்ன பண்றீங்க?"

"என் பஸ்ல ஒருத்தரையும் துண்டு போட்டு இடம் பிடிக்க விட்டதில்லம்மா. இப்ப நானே போட்டுட்டேன்."

வழியில் போன ஒருவர் சிரித்தார். "யாருக்கு சார் இடம்?"

"என் பேத்திக்கு. இப்பதான் தவழறா. அவ காலேஜ் போறப்போ இங்க நிழல் இருக்கும். பிளான் போட்டது யாரு தெரியுமா? எங்க வீட்டு மருமக!"

மருமகள் துண்டை எடுத்து மடித்துவிட்டு, மகளின் இடத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு சுட்டது. எழுந்திருக்க மனம் வரவில்லை.