மஞ்சப் பின்னு படம், சிவப்பு வெள்ளை சத்தம்

அந்தம்மாவுக்கு மெதுவா பேச வராது. ஆஸ்பத்திரில டோக்கன் கூப்பிடற வேலை. "முப்பத்தி நாலு"ன்னு கூப்பிட்டா, வெளிய டீ குடிச்சிட்டிருக்கற முப்பத்தி நாலாம் நம்பரு டம்ளரைப் போட்டுட்டு ஓடி வரும். பாவம் கத்தறாங்களேன்னு ஒரு மைக் வாங்கிக் குடுத்தாங்க. சாயங்காலமே திருப்பி வாங்கிட்டாங்க. பக்கத்து ரூம் கண் டாக்டர் கை நடுங்குதுன்னாராம். தெருவுல பேரே டோக்கன்காரம்மாதான்.

இப்பேர்ப்பட்ட தொண்டைய வச்சுக்கிட்டு ஒரு ரகசியத்த வருஷக்கணக்கா அடக்கி வச்சிருந்தாங்கன்னா நம்புவீங்களா? அதுவும் வீட்டுக்காரரப் பத்தின ரகசியம்.

வீட்டுக்காரர் டெய்லர். சட்டை தச்சா உடம்போட ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். அதோட நிறுத்தியிருக்கலாம். கழுத்துல டேப்பு, காதுல பென்சில், சட்டைப் பைல ஒரு திருப்புளி. வீட்ல எது லேசா முனகினாலும் கழட்டிடுவார். கழட்டறதுல ராஜா. திருப்பி மாட்டறதுலதான் கொஞ்சம் அப்படி இப்படி. அவரைத் தெருவுல திருப்புளியார்னுவாங்க, மரியாதையாதான்.

முதல்ல கைவச்சது மிக்ஸி. காலைல பிரிச்சு, மாட்டி, "இனிமே இதுக்கு ஆயுசு கெட்டி"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டார். அந்தம்மா சுவிட்ச் போட்டா மிக்ஸி அசையல, வீட்ல கரண்டுதான் போச்சு. கடைத்தெரு மெக்கானிக் தம்பியக் கூப்பிட்டாங்க, அவன் வந்து சரி பண்ணிட்டுப் போனான். சாயங்காலம் வந்தவர் சும்மா சுவிட்சத் தட்டினார். கர்ர்ருன்னு ஓடுச்சு. மனுஷன் மூஞ்சியப் பாக்கணுமே. காலி மிக்ஸி ஓடற சத்தத்தக் கச்சேரி கேக்கற மாதிரி தலையாட்டிக் கேட்டார். அன்னிக்குத் துணியெல்லாம் அவரே மடிச்சார், குளிக்கும்போது பாட்டு வேற. இதைப் பாத்துட்டு எந்தப் பொண்டாட்டி வாயத் தொறப்பா?

அன்னிலேருந்து அதான் ஏற்பாடு. இவர் காலைல ரிப்பேர் பண்ணுவார், மத்தியானம் மெக்கானிக் வந்து இவரோட ரிப்பேர ரிப்பேர் பண்ணுவான். இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், காலிங் பெல் எல்லாம் இப்படித்தான். புருஷன் இல்லாத நேரமாப் பாத்து ஒரு தம்பி பையத் தூக்கிட்டு வர்றானேன்னு பக்கத்து வீட்டு அக்கா தனியா ஒரு கதை கட்டி வச்சிருந்தாங்க. அது நமக்கு வேண்டாம்.

போன வாரம் பஸ் ஸ்டாப்புல டிவிக்காரப் பொண்ணு ஒண்ணு மைக்க நீட்டுச்சு. "வீட்டுக்காரர்கிட்ட மறைச்ச ரகசியம் ஒண்ணு சொல்லுங்கக்கா." மத்தவங்கல்லாம் வெக்கப்பட்டு நழுவிட்டாங்க. டோக்கன்காரம்மா மைக்கப் பாத்து எத்தனை நாளாச்சு? மிக்ஸில ஆரம்பிச்சு காலிங் பெல் வரைக்கும் கொட்டித் தீத்துட்டாங்க. பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான், அய்யோ, இது டிவில வருமேன்னு உறைச்சுது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மதில் மேல பக்கத்து வீட்டு அக்கா தலை முளைச்சுது.

"தம்பி, உங்க வீட்டம்மா இன்னிக்கு ஆறு மணிக்கு டிவில வராங்க. இப்பதான் விளம்பரத்துல காட்டினான். வாய் அசையுது, என்ன பேசறாங்கன்னுதான் விடல."

வீட்டுக்காரர் பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தார். "சொல்லவே இல்லியேம்மா நீ."

"பஸ் லேட்டா வருதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். இதெல்லாம் ஒரு விஷயமா?"

"என்ன இப்படிச் சொல்ற? புதுச் சட்டை எடுத்து வை, குளிச்சிட்டு வரேன்."

பொண்டாட்டி டிவில வர்றதுக்கு இவர் ஏன் குளிக்கணும்னு தெரியல, ஆனா பாத்ரூம் கதவு சாத்தினதும் அந்தம்மா டிவிக்குப் பின்னாடி பாய்ஞ்சாங்க. மெக்கானிக் தம்பி ஒருதரம் சொல்லிக் குடுத்திருந்தான்: அக்கா, டிஷ் பெட்டிலேருந்து டிவிக்கு வர்ற ஒயர்ல மஞ்சப் பின்னு படம், சிவப்பும் வெள்ளையும் சத்தம். மூணையும் ஒரே இழுப்பு. ஒயர் மேஜைக்குப் பின்னால தொங்குச்சு. இவங்க ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து வெங்காயம் உரிச்சாங்க.

அவர் தலை வாரி, மணக்க மணக்க வந்து டிவியப் போட்டார். வெறும் நீலம். சிக்னல் இல்லன்னு ஒரு எழுத்து மட்டும் அங்கயும் இங்கயும் உலாத்துது.

ரிமோட்ட உள்ளங்கைல தட்டினார். பேட்டரிய இடம் மாத்தினார். டிஷ் பெட்டிய அணைச்சுப் போட்டார். டிவி மண்டைல ஒண்ணு வச்சார். மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷத் திருப்பிக்கிட்டே, "வந்துச்சா?"ன்னார்.

"வரலீங்க"ன்னு இவங்க ஒரு குரல் விட்டாங்க.

"எங்களுக்கு வருதே"ன்னு எதிர் வரிசைலேருந்து பதில் வந்துச்சு.

இறங்கி வந்து பைலேருந்து திருப்புளிய எடுத்தார். அந்தம்மாவுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே கவலையில்ல. இவர் கைவச்சு எது உருப்பட்டிருக்கு? மெக்கானிக் தம்பியும் இன்னிக்கு ஒருநாள் ஊர்ல இல்ல. ஆனா புதுச் சட்டையெல்லாம் வேர்த்து ஊத்த, நாக்க லேசாக் கடிச்சுக்கிட்டு, பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கறதுக்காக அந்த மனுஷன் படற பாட்டப் பாத்தா மனசு கேக்கல. ஒரு டீ போட்டுக் குடுத்தாங்க.

பிளக்கப் பிடுங்கிட்டு பின்மூடியக் கழட்டினார். தூசிய ஊதினார். நாடி பாக்கற மாதிரி நாலு இடத்துல தொட்டுப் பாத்தார். மறுபடி மூடினார். ஒரு ஸ்க்ரூ மிச்சம் நின்னுச்சு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு அதைச் சட்டைப் பைல போட்டுக்கிட்டார். அப்ப குனிஞ்சவர் கண்ணுல பட்டுச்சு, தொங்கற ஒயரு.

நூலுக்கும் துணிக்கும் கலர் பாத்தே வளந்த கண்ணு. "ஏம்மா, இங்க பாரேன். மஞ்ச ஓட்டை, மஞ்சப் பின்னு. மேட்சிங்கா இருக்கே." சொருகினார். பிளக்க மாட்டினார்.

படம் வந்துருச்சு.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல்தடவையா அவர் கைபட்டு ஒண்ணு வேலை செஞ்சிருக்கு, அது இன்னிக்குத்தானா செய்யணும்? அந்தம்மா ஒரே தாவுல பின்னாடி போய் சிவப்பையும் வெள்ளையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

"நீங்க போய் முன்னாடி உக்காந்து பாருங்க, மிச்சத்த நான் சொருகறேன்."

அவர் பூரிப்புல போய் உக்காந்துட்டார். நிகழ்ச்சி ஆரம்பிச்சுருச்சு. திரை முழுக்க டோக்கன்காரம்மா. சத்தம்தான் இல்ல. நிஜ டோக்கன்காரம்மா டிவி பக்கத்துல, கைய முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டு நின்னாங்க.

"வாய் அசையுதே, என்னம்மா சொல்ற?"

"அதான்... பஸ்ஸு லேட்டா வருது."

"கைய இப்படிச் சுத்தறியே?"

"டயரு. டயரு சுத்தறதச் சொல்றேன்."

"இப்ப ஏன் சிரிக்கற?"

"டிரைவர் நல்ல மாதிரின்னு."

அதுக்குள்ள மதிலத் தாண்டி, பக்கத்து வீட்டு டிவிலேருந்து, முப்பத்தி நாலக் கூப்பிட்ட அதே தொண்டை கணீர்னு வந்துச்சு: "மிக்ஸிய இவர்தான் சரி பண்ணாருன்னு நினைச்சிட்டிருக்காரு. மெக்கானிக் வந்து போனதே தெரியாது."

அவர் காதக் குடுத்துக் கேட்டார். திரைல வாயப் பாத்தார். ரெண்டும் மேட்சிங்கா இருந்துச்சு.

"மிக்ஸியா?"

"ம்."

"இஸ்திரிப் பெட்டி?"

"அதும்தாங்க."

"கடிகாரம்? பெல்லு?"

அந்தம்மா தரையப் பாத்தாங்க. அவர் நாலு விரல மடக்கினார். அப்புறம் மேல கை காட்டினார். "ஃபேனு?"

ஃபேன் மேல டக் டக்னு தலையத் தலைய ஆட்டி ஓடிக்கிட்டிருந்துச்சு.

"ஃபேன் நீங்களே பண்ணதுதான். சத்தியமா. யாரும் தொடல."

"அதானே பாத்தேன்"ன்னார். மூஞ்சில கொஞ்சம் களை வந்துச்சு. அப்பதான் ஒயர் மேஜைலேருந்து கிளம்பி முந்தானைக்குள்ள போறதக் கவனிச்சார். எழுந்து வந்தார். கையப் பிரிச்சு, சிவப்ப சிவப்புலயும் வெள்ளைய வெள்ளைலயும் சொருகினார். இவங்க தடுக்கல.

டிவி அலறுச்சு. அந்தப் பொண்ணு கேட்டுட்டிருந்தா: "ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? மிக்ஸி ஓடினதும் அந்த மனுஷன் ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு. அந்தச் சிரிப்பு கெட்டுப்போச்சுன்னா எந்த மெக்கானிக்கக் கூப்பிடறது?"

அவர் அப்படியே நின்னார். டிவி விளம்பரத்துக்குப் போயிருச்சு.

மதில் மேல தலை முளைச்சுது. "அப்ப அந்தத் தம்பி மிக்ஸிக்குத்தான் வந்தானா?"ன்னு கேட்டாங்க பக்கத்து வீட்டு அக்கா. குரல்ல அப்படி ஒரு ஏமாத்தம்.

"ஆமாக்கா"ன்னார் அவர். "நான் பண்ணத சரி பார்த்துட்டுப் போவான்." தலை இறங்கிருச்சு.

அப்புறம் பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "நாளைக்கு அவன நான் இருக்கும்போது வரச் சொல்லு."

அந்தம்மா வாழ்க்கைல முதல்முறையா மெதுவாப் பேசினாங்க. "எதுக்குங்க? அவன் மேல தப்பில்ல."

"சண்டைக்கு இல்லம்மா"ன்னு சட்டைப் பைலேருந்து அந்த ஸ்க்ரூவ எடுத்து உள்ளங்கைல வச்சுக் காட்டினார். சிரிச்சார், மிக்ஸி ஓடின அன்னிக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. "இது டிவில எங்க போகும்னு கேக்கணும்."