ஒரு தவசிக்கீரைக் குச்சிக்கு அனுமதி

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். மாவட்ட அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். தலையாட்டுவார்கள். பிறகு மனுவைக் கோப்பில் வைத்துக் கட்டி, கோப்பை அலமாரியில் வைத்து, அலமாரியின் மேல் தங்கள் டிபன் பாக்ஸை வைப்பார்கள். அலமாரிக்கு வெளியே காத்திருப்பவனைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவன் எப்போதும் வேறு யாரோ ஒருவனாக இருந்தான்.

நான் கொடுத்த மனு ஒரு செடியைப் பற்றியது.

மங்கலம் சாலையில் எங்கள் வீடு. மொட்டைமாடி முழுவதும் என் மனைவியின் ஆட்சி. சாயப்பட்டறைகள் கழித்துப் போட்ட நீல டிரம்களைப் பாதியாக அறுத்து, இந்த ஊருக்கு ஒத்துவராததையெல்லாம் தேடிப்பிடித்து வளர்ப்பாள். நீலகிரியில் விளையும் மரத்தக்காளி, மலையாளக் கரையின் ஈரப்பலா, நான்கு பக்கமும் சிறகு வைத்த சிறகவரை. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிடும் என்பதால் மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைப்பாள். நான் குளிப்பது உப்புத் தண்ணீரில். மரத்தக்காளிக்கு மழைத் தண்ணீர். அப்படியும் அது மூன்று சித்திரையில் மூன்று முறை செத்தது. நான்காவதையும் வைத்தாள். விதை முளைக்கப் போடுவதற்கு, நூல் தீர்ந்தபின் மிஞ்சும் காகிதக் கோன்களை, பின்வீட்டில் இருக்கும் பனியன் கம்பெனி டெய்லர் அக்கா கொண்டுவந்து தருவார்.

தவசிக்கீரை மட்டும் எந்த வெயிலுக்கும் அலட்டிக்கொள்ளவில்லை. கைப்பிடிச் சுவரோரம் வேலிபோல நின்றது. விதை தேவையில்லை, குச்சியை ஒடித்து நட்டால் போதும். கொழுந்தைக் கிள்ளி முட்டையோடு வதக்கினால் பச்சை நிலக்கடலை வாசம் வரும். எங்கள் ஒரே மகளுக்கு அது மட்டும் இருந்தால் வேறு தொட்டுக்கொள்ள வேண்டாம்.

அவள் திருமணமாகிக் கனடாவின் வடக்கே ஓர் ஊருக்குப் போனாள். நான் விமான நிலையத்துக்கு வண்டி பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தவசிக்கீரைக் குச்சியை நனைத்த பனியன் துணியில் சுற்றி, நூல் கோனுக்குள் செருகி, மகளின் பெட்டியில் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள் அம்மாக்காரி. எனக்கு இரண்டு மாதம் கழித்து வீடியோ அழைப்பில்தான் தெரிந்தது. மகளின் சமையலறை ஜன்னலில் நான்கு இலையோடு நின்றது.

"இது எப்பப் போச்சு?"

"எம்பொறகாலயே வந்துருச்சுங்கப்பா," என்றாள். "பாஸ்போர்ட் யாரும் கேக்கல."

தாவரங்களை எல்லை கடத்துவது பற்றி நான் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, இலை பழுப்பதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர்கள் பேச்செல்லாம் இதுதான். இங்கே செடியை வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும், அங்கே குளிரிலிருந்து. முதல் பனிக்காலத்தில் தவசிக்கீரை இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நின்றபோது மகள் அழுதே விட்டாள். "அது தூங்குது அம்முணி. தண்ணி ஊத்தி எழுப்பாத," என்றாள் மனைவி. சித்திரையில் துளிர்த்தது. இன்னொரு வருடம் மகள் சிறகவரை போட்டாள். கொடி ஜன்னல் முழுக்க ஏறியது, ஒரு பூ இல்லை. அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பொழுது சுருங்கினால்தான் சிறகவரை பூக்கும் என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் என் மனைவி கண்டுபிடித்தாள். "அஞ்சு மணிக்கே இருட்டு பண்ணி உடு," என்றாள். எங்கள் ஊரில் தைத்து அந்த ஊரில் விற்ற கறுப்பு டி-ஷர்ட்டுகளைப் பிரித்து ஒட்டி, மகள் தினமும் மாலையில் ஜன்னலை மூடினாள். இரண்டு பூ, ஒரு காய். அந்த ஒரு காயைக் கேமரா முன்னால் பாதி கடித்து, மீதியை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், மகள் வேலைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறதென்று உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வயது முப்பத்து நான்கு. இதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அங்கேயே எரித்தார்கள். அஸ்தியை இங்கே கொண்டுவர மூன்று காகிதங்கள் தேவைப்பட்டன. மூன்றும் இரண்டே நாளில் கிடைத்தன. ஒரு விளக்கமும் யாரும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முன்தினம் மாப்பிள்ளை அழைத்தார்.

"மாமா, அந்தக் கீரைச்செடி நல்லா இருக்குதுங்க. அத்தை கேட்டாங்க. வேரோட ஈரத்துணியில சுத்திப் பெட்டில வெச்சுக் கொண்டாந்தறட்டுங்களா?"

மனைவி என் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"வேண்டாங்க மாப்பிள்ளை," என்றேன். "அது குத்தம். இறக்குமதி அனுமதி வாங்கோணும், நோய் இல்லைன்னு அந்த நாட்டுச் சான்று வேணும். முறையா எழுதி வாங்கிக்கலாம். ஒரு மாசம்."

ஒரு மாதம் என்று நான்தான் சொன்னேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அவ கொண்டுபோனப்ப எந்த அனுமதியில போச்சுங்க?"

மகளின் அஸ்தி வரும் பெட்டியைச் சுங்கத்தில் திறந்து, அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் குப்பையில் போடுவார்களோ என்று பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முப்பது வருடத்துக்கு மேல் பிறரை வரிசையில் நிற்கவைத்தவனுக்கு வரிசையைத் தாண்டத் தெரியவில்லை என்பது.

மாப்பிள்ளை அஸ்தியோடு வந்தார், காரியம் முடித்தார், திரும்பிப் போனார். அந்த வாரத்தில் டெய்லர் அக்கா எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தார். விஷயம் தெரிந்ததும் நேராக வந்து என்னிடம் கேட்டார்.

"ஏனுங் சார், ஊரு உலகத்துல தங்கத்தையே உள்பாவாடையில தெச்சுக் கொண்டாறாங்க. உங்க மாப்பிள்ளை ஒரு கீரைக்குச்சியக் கொண்டார முடியாதுங்களா? எங்கிட்டச் சொல்லியிருந்தா பனியன்ல சீக்ரெட் பாக்கெட் வெச்சுத் தெச்சுக் குடுத்திருப்பனுங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"இருக்குதுங்க சார். அது பாட்டுக்கு இருக்கட்டுங்க."

தாவர இறக்குமதிக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கு மனு போட்டேன். குறை சொல்ல முடியாத மனு. உரிய படிவம், இணைப்புகள், பக்க எண்கள். பூச்சியும் நோயும் வெளிநாட்டு மண்ணில் ஒட்டிவரும் என்பதால் வேரில் மண்துகள்கூட இருக்கக் கூடாது என்று விதி. கழுவி அனுப்புவதாக உறுதிமொழியும் வைத்தேன். மகள் ஆறு வருடம் கிளறிவிட்ட மண் அது என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஏழு வாரம் கழித்து முதல் வினா வந்தது. நான் எழுதிய தாவரப் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லையாம். தாவரவியல் அறிஞர்கள் அந்தச் செடியை வேறு பேரினத்துக்கு மாற்றிப் புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். நான் புதியதை எழுதியிருந்தேன், பட்டியலில் பழையது. அதிகம் படித்ததன் பலன். இரண்டு பெயரையும் எழுதி, ஆதாரம் இணைத்து, அன்றைக்கே அனுப்பினேன். இரண்டாவது வினா மார்கழியில் வந்தது: "மேற்படி தாவரம் உள்நாட்டிலேயே கிடைப்பதால், இறக்குமதி செய்ய வேண்டிய அவசியத்தை விளக்கவும்."

நியாயமான கேள்வி. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். மாடிக்குப் போய் மனைவியிடம் படித்துக் காட்டினேன். சுவரோரம் தவசிக்கீரை இடுப்புயரம் நின்றது. மகள் இறந்தபின் அதில் ஒரு கொழுந்தும் கிள்ளப்படவில்லை.

"இது நான் வளத்துனதுங்க," என்றாள். "அது அவ வளத்துனது. இதையே எழுதுங்க."

அதை அலுவலக நடையில் எழுத நான்கு நாள் ஆனது. "மேற்படி தாவரம் விண்ணப்பதாரரின் காலஞ்சென்ற மகளால் வளர்க்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடித்தேன். என் வாழ்நாளில் எழுதிய வரைவுகளில் அடித்தல் திருத்தல் அதிகம் உள்ளது அதுதான்.

வாரம் ஒரு முறை அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையானவர். "சார், ஃபைல் மேல போயிருக்கு சார்," என்பார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைத்ததும் மனைவியிடம், "மேல போயிருக்காம்," என்று நல்ல செய்திபோலச் சொன்னேன். கோப்பு நிலுவையில் இருக்கும்வரை மகளுடைய ஏதோ ஒன்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை தினமும் வீடியோவில் செடியைக் காட்டுவார். அந்தப் பத்து நிமிடம்தான் மனைவி பேசுவாள். பனி கொட்டத் தொடங்கியதும் இலைகள் உதிர்ந்தன. "அது தூங்குதுங்க மாப்பிள்ளை. மாசி கழியற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க," என்றாள். "செரிங்கத்தை," என்றார் அவர்.

தை மாதம் பொங்கலுக்கு மறுநாள் அழைத்தார். கேமராவைப் போடவில்லை.

"அத்தை, தண்டு கொழகொழன்னு ஆயிருச்சுங்க. காஞ்சு போயிருமோன்னு பயந்து தெனமும் கொஞ்சங்கொஞ்சமா ஊத்திட்டேனுங்க. சும்மா பாத்துட்டே இருக்க முடியலீங்கத்தை."

கனத்த ஆண்குரல் உடைந்து அழுவதை நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி அழவில்லை. தண்டில் எங்காவது பச்சையாக ஒரு கணு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னாள். மேலே, கீழே, நடுவில் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"செரி, உடுங்க மாப்பிள்ளை. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. அழுவாம சாப்புடுங்க," என்று வைத்துவிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நீங்க ஒண்ணும் தப்பாப் பண்ணலீங்க," என்றாள். "எல்லாம் ரூல்படிதான் பண்ணுனீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றவே சொன்னாள். அதற்கப்புறம் பல நாட்கள் நான் மாடிக்குப் போகவில்லை.

மனுவைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். எழுதவில்லை. தொலைபேசியில் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. மனைவி வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கி, என் மேஜையில் பிரிக்காமல் வைத்தாள். பிரித்தேன். கோரிய தாவரத்தை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வழங்கப்பட்டிருந்தது. ஆறு மாதம் செல்லுபடியாகும். கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன போட்டிருக்குதுங்க?"

"அனுமதி குடுத்துட்டாங்க."

காகிதத்தை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எத்தன செடிக்குங்க?"

"ஒண்ணுக்கு. மண்ணு இல்லாம."

தலையசைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிடச் சொன்னாள். நான் உறையின் மேல் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்: ஜூன் பதினொன்று.