மெதுவக்கா மேல் எழுதிய புகார்

என் மகன் படிக்கும் சிறப்புப் பள்ளியில் ஓர் ஆயா இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மெதுவக்கா. நடை மெது, பேச்சு மெது. முன்பு ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினார். நாள் பூரா ஒரே தட்டைத் தேய்க்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு சலவைக்கடை; அங்கேயும் அதே கதை. இந்தப் பள்ளியில் மட்டும் ஆறு வருடமாக நிலைத்துவிட்டார். எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் தையல் கம்பெனியில் காலர் வைப்பவள். கை ஒரு நிமிடம் ஓய்ந்தால் சூப்பர்வைசர் தலைக்கு மேல் வந்து நிற்பார்.

மகனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கைகால் சொன்ன பேச்சு கேட்காது, விழுங்குவதும் சிரமம். இத்தனை வருடமும் மடியில் சாய்த்துப் போட்டு நான்தான் ஊட்டினேன். பத்து நிமிடத்தில் தட்டு காலி. ஆனால் மாதம் தவறாமல் நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. சாய்த்து ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தது.

பள்ளியில் சேர்த்த நாலாவது மாதம் இருமல் நின்றது. எடையும் ஏறியது. "மெதுவக்கா கைராசி" என்றார் என் கணவர். பிள்ளை தேறினால் பெற்றவளுக்கு வயிறு குளிர வேண்டும். எனக்கு எரிந்தது. நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறவன், காலையில் பள்ளி வேன் சத்தம் கேட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடுவான். என்ன சொக்குப்பொடி போட்டாளோ என்று கருவினேன்.

உட்கார்ந்து புகார் எழுதினேன். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆக்குகிறார், பாடம் கெடுகிறது, ஆயாவை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள் என்று.

"அவங்கள மாத்திட்டா யாரு ஊட்டுவா?" என்றார் கணவர்.

"யாரோ ஊட்டட்டும். அவங்க வேண்டாம்."

அரைநாள் லீவு போட்டுக் கடிதத்தோடு போனேன். தலைமையாசிரியை சாப்பாட்டு இடைவேளை முடிந்துதான் வருவார் என்றார்கள். சும்மா நிற்பானேன் என்று வகுப்பு ஜன்னல் பக்கம் போனேன்.

மகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். காலுக்கடியில் ஒரு பலகை. முன்னால் மசித்த உருளைக்கிழங்கு. பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டி அவன் கையில்தான் இருந்தது. எதிரே மெதுவக்கா, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கரண்டி ஊரெல்லாம் சுற்றி, கன்னத்தில் இடித்து, பாதியைச் சட்டையில் கொட்டி, மீதியோடு வாய்க்குள் போனது. அவன் தாடையைத் தாழ்த்தி விழுங்கினான். அடுத்த கரண்டிக்கும் அத்தனை நேரம். அந்த அம்மாள் ஒரு வாய்கூட ஊட்டவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கரண்டியைப் பிடுங்கினேன். "குடு கண்ணா, அம்மா ஊட்டறேன்."

அவன் வாயைப் பூட்டிக்கொண்டான்.

"அவன் சாப்பிட்டுட்டிருக்கான்மா" என்றார் மெதுவக்கா, குரலை உயர்த்தாமல். பெரிய மனுஷர் ஒருவர் சாப்பிடும்போது குறுக்கே போனவளிடம் சொல்வது போல. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"கைய ஏன் அப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இல்லேன்னா நானும் பிடுங்கிடுவேன். பாத்துட்டு உக்காந்திருக்கறது லேசில்லம்மா."

கரண்டியை அவன் கையில் திருப்பி வைத்தேன். கடிதம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, துணி சுற்றிய கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, என் கைகளின் மேல் நான் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். நாலு தடவை கை தானாக வெளியே வந்தது. நாலு தடவையும் உள்ளே தள்ளினேன். தரையெல்லாம் கிழங்கு. அவன் ஒருமுறைகூட இருமவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கண்ணெல்லாம் கரண்டி மேலேயே இருந்தது.

மெதுவக்கா மேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது அந்தக் கரண்டி மேல்.