மேற்குப் பக்கத்துத் தூறல்

எங்கள் தெருமுனையில், முன்பு மரக்கடை இருந்த இடத்தில், இப்போது ஒரு டர்ஃப் வந்திருக்கிறது. நான்கு பக்கமும் பச்சை வலை கட்டி, தரையில் பிளாஸ்டிக் புல் விரித்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். திருவொற்றியூர்ப் பையன்கள் வேலை முடிந்து வந்து கைக்காசு போட்டுப் பந்து உதைக்கிறார்கள். வலைக்கு வெளியே எப்போதும் பத்து இருபது பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, பாஸ் கொடுக்கவில்லை, வேன் அனுப்பவில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்த்து ஒருத்தி ஏன் வயிறு எரிய வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்குமுன் அங்கே காவலுக்கு இருக்கிற பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்பில் தண்ணீர் அடிப்பார். பகலெல்லாம் வெந்த பிளாஸ்டிக் மேல் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை கிளம்பும். செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அதில் கொஞ்சம் மழை கலந்த மாதிரி. போன வாரம் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தவள், அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கஸ்தூரியின் குரல் காதில் கேட்டது.

காலேஜ் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு ஹாக்கி அணிக்கு ஆள் சேர்ப்பது. ஆடுகிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். ஊருக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு முதலாளி, வெளிநாட்டிலிருந்து நாலைந்து ஆட்டக்காரர்கள் என்று ஒரு லீக் ஆரம்பித்திருந்தார்கள். அதில் சென்னைக்கும் ஓர் அணி. சுறா படம் போட்ட நீல டி-சர்ட். அந்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு நான் பஸ்ஸில் போனால் கண்டக்டர்கள் ஏதோ மீன் எண்ணெய் கம்பெனி என்று நினைத்தார்கள்.

முதலில் நுங்கம்பாக்கத்தில் கண்ணாடி போட்ட ஆபீஸ். இரண்டே மாதத்தில் வாடகை கட்டுபடியாகவில்லை என்று ராயபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழே கப்பலுக்குக் கயிறு விற்கிற கடை, மேலே நாங்கள். படியேறும்போதே கயிற்று வாசனையும் தார் வாசனையும் வரும். மேனேஜர் சேலத்துக்காரர், நல்ல மனிதர், மூக்கைப் பொத்திக்கொண்டேதான் படியேறுவார். ஆட்டம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிவர இருந்த ஏசி பஸ் வேனாக மாறியதும், பிரியாணி எலுமிச்சை சாதமாக மாறியதும் இங்கே வந்த பிறகுதான். எனக்கென்னவோ அந்தக் கயிற்று வாசனை பிடித்திருந்தது. என் அப்பாவின் மளிகைக் கடையிலும் சாக்குச் சணல் வாசனை இதே போலத்தான் இருக்கும்.

அந்த ஆபீஸில்தான் கஸ்தூரி வந்து சேர்ந்தாள். முகத்துவாரக்குப்பத்துப் பெண். பிற்பாடு குடும்பத்தோடு எர்ணாவூர்க் குடியிருப்புக்கு மாறியவர்கள். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள், மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்த வீட்டில் யாரும் வாங்கியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே தினக்கூலி. சீசன் முடிந்ததும் ஒருத்தியைத்தான் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால் போ, இல்லாவிட்டால் ஒழுங்காகக் கல்லாவில் உட்கார் என்று என் அப்பா சொல்லியிருந்தார். எனக்குக் கல்லாவை நினைத்தாலே மூச்சு முட்டும்.

வந்த முதல் வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள். நம் ஊர் வெயிலில் பயிற்சி ஆடிய வெள்ளைக்காரப் பையன்கள் சுருண்டு சுருண்டு விழுந்தார்கள். பயிற்சி முடிந்ததும் அவர்களை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைக்க வேண்டும். அந்த ஐஸுக்கு ஏதோ கம்பெனி யானை விலை சொன்னது. கஸ்தூரி காசிமேட்டில் தன் மாமாவைப் பிடித்து, மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கால்வாசி விலை. கோல்கீப்பர் தொட்டியிலிருந்து எழுந்து தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனான். மேனேஜர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார். நானும் கை தட்டினேன். உள்ளே எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸ்டேடியம் எழும்பூரில். கிழக்கே ஒரு கேலரி, மேற்கே ஒரு கேலரி. ஆளுக்கு ஒன்றை நிரப்ப வேண்டும். எது வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். டிவி கேமராவை மேற்கே வைக்கப் போகிறார்கள், அதில் தெரியப்போவது கிழக்குக் கேலரிதான் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். என் கூட்டத்தை ஊரே பார்க்கும், அப்பாவும் பார்ப்பார்.

"எடுத்துக்கோமே, எனக்கு எந்தாண்ட குட்த்தாலும் சரி" என்றாள் கஸ்தூரி. அவள் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவின் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாஸ் கொடுத்தேன். அரிசி வாங்கினால் இரண்டு, எண்ணெய் வாங்கினால் ஒன்று. ஓசிதான். ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்குப் பதிலா ஒரு தீப்பெட்டி குடுத்துடுங்களேன்." இன்னொருவர் பாஸின் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதி அடுத்த மாதம் கொண்டுவந்தார். நல்ல தடித்த அட்டை, பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். கால்பந்து என்றால் வியாசர்பாடியே திரண்டு வரும், கேரம் என்றால் ராயபுரத்தில் சந்துக்குச் சந்து ஆள் உண்டு. ஹாக்கி என்றால், அந்த வளைந்த கட்டையா என்பார்கள்.

முதல் ஆட்டத்தில் என் கேலரியில் பதினோரு பேர். அதில் மூன்று பேர் வேன் டிரைவர்கள்.

எதிரே கஸ்தூரியின் கேலரியில் கீழ்ப்படியிலிருந்து பாதி உயரம் வரைக்கும் பெண்களும் குழந்தைகளும். எர்ணாவூரிலிருந்து மூன்று வேன். அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து வேன், நின்றுகொண்டு வந்தார்கள். நான் இங்கே வெறும் நாற்காலிகளுக்கு நடுவில் கொடியைப் பிடித்துக்கொண்டு, சூரியன் நேரே கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்து அவளுடைய கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். நாலரை மணி ஆட்டத்துக்குக் கிழக்கே உட்கார்ந்தால் வெயில் முகத்தில்தான் அடிக்கும் என்பது கேமராவை விசாரித்த எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

எப்படிச் சேர்க்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். "அதுங்களா வருதுங்க" என்றாள். அவள் மறைக்கிறாள் என்று நினைத்தேன். காசு கொடுக்கிறாளா, புடவை கொடுக்கிறாளா என்று வேன் டிரைவரிடம்கூட விசாரித்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

ஹாக்கித் திடலுக்கும் பிளாஸ்டிக் புல்தான். ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் அதை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து ஓடாது, விழுந்தால் தோல் உரியும். ஓரத்தில் இருக்கிற பெரிய குழாய்கள் சுற்றிச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே தண்ணீரைப் பீய்ச்சும். கோடையில் அங்கே கிணறு வற்றிவிட்டதால் லாரித் தண்ணீர். ஒருநாள் லாரி உள்ளே நுழைவதைப் பார்த்துக்கொண்டே கஸ்தூரி சொன்னாள்: "எங்களுக்கு ஒரு நாள் வுட்டு ஒரு நாள். அதுவும் கொடத்த வெச்சிகினு சண்ட போட்டாதான். இந்தப் புல்லுக்கு வந்த வாழ்வப் பாருமே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் எல்லாவற்றையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிட்டாள், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாவது ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். முகம் செத்துப் போயிருந்தது. "டிவியில பாத்தா காலி நாற்காலிதாம்மா தெரியுது. ஸ்பான்சர் போன் பண்ணி, கதவைப் பூட்டிக்கிட்டா ஆடுறீங்கன்னு கேக்குறாரு. அடுத்த ஆட்டத்துக்கு அவரே வர்றார். இப்படியே இருந்தா கையெழுத்துப் போட மாட்டாரு, அணியை மூட வேண்டியதுதான்."

காலி நாற்காலிகள் என்னுடையவை. மேனேஜர் என்னைப் பார்க்காமல் பேசினார், அதுவே போதுமாக இருந்தது. கஸ்தூரி கீழே போன பிறகு நான் மெல்லச் சொன்னேன்: "சார், மேற்குல உக்காருறவங்களைக் கிழக்குக்கு மாத்திட்டா டிவியில தெரியுமே." அவர் கண் விரிந்தது. இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டார். என் யோசனை என்று டைரியில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். கஸ்தூரியின் கூட்டம் இனி என் கேலரியில் உட்காரும், என் கணக்கில் வரும். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, திருவொற்றியூர் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆட்டத்தன்று கஸ்தூரி என்னிடம் ஓடிவந்தாள். "வேணாம்மே. அந்தாண்ட குந்த முடியாது, மூஞ்சிலயே அடிக்கும் வெயிலு. அதுங்க இன்னா ஆட்டத்துக்கா வருதுங்க? தண்ணிக்கு வருதுங்க. கடல் காத்துல அந்தத் தண்ணி எங்காண்டதான் வந்து வியும். நீ வந்து பாரு ஒரு தபா."

"மேனேஜர் சொல்லிட்டார், நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஐந்து வேன் ஆட்களையும் கிழக்கே உட்கார வைத்தோம். கேலரி நிறைந்தது. முன்வரிசையில் நான் கொடியோடு நின்றேன். பத்தாவது நிமிஷம் அப்பா போன் செய்தார். கடையில் டிவி போட்டு வாடிக்கையாளர்களோடு பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஏம்மா, எல்லாரும் முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, யாரும் தவறிட்டாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அத்தனை பெண்களும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் மடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தன. நாங்கள் ஒரு கோல் போட்டோம், ஒருவரும் பார்க்கவில்லை.

இடைவேளையில் குழாய்களைத் திறந்தார்கள். முந்தானைகள் விலகின. தண்ணீர் மேலே எழும்பியது, கடல் காற்று பின்னாலிருந்து எங்கள் முதுகில் பட்டது, தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் மேற்குக் கேலரியில் தூவியது. காலி நாற்காலிகள் ஒவ்வொன்றாக நனைந்து பளபளத்தன. அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் கையை நீட்டி அங்கே, அங்கே என்றது. அதன் அம்மா கையைப் பிடித்து மடக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். தண்ணீர் நின்றதும் ஒவ்வொருவராக எழுந்து வேனுக்குப் போய்விட்டார்கள்.

ஸ்பான்சர் முதல் பாதியோடு கிளம்பியிருந்தார், நிறைந்த கேலரியைப் பார்த்த திருப்தியோடு. மேனேஜர் என் கையைக் குலுக்கினார்.

அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து வேன் போயின, ஒன்றில் கஸ்தூரி மட்டும் வந்து இறங்கினாள். மறுபடியும் மேற்கே உட்காரலாம் என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "ஒரு தபா ஏமாந்துச்சுங்க. இனிமே இன்னான்னு சொல்லிமே கூப்புட்றது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என் தோளிலிருந்த கொடியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வா டீ குடிக்கலாம் என்றாள்.

சீசன் முடிந்தது. வேலை எனக்குக் கிடைத்தது. கேலரியை நிரப்பியவள் என்று என் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததாம். கஸ்தூரி டி-சர்ட்டுகளைத் துவைத்து மடித்து ஒப்படைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றரை மாதம் நிரந்தரமாக இருந்தேன். கடைசி ஆட்டங்களின் காலி நாற்காலியையும் பார்த்த ஸ்பான்சர் விலக, முதலாளியும் விலக, மேனேஜர் சேலத்துக்குப் போனார். விற்காத சுறா டி-சர்ட்டுகளை மூட்டையாகக் கட்டியதுதான் என் நிரந்தர வேலை. அப்புறம் கல்லா. இன்றுவரை கல்லாதான்.

இரண்டு வருஷம் கழித்து எர்ணாவூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன், என்னை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும்தான். கஸ்தூரி கல்யாணமாகிக் குடிபெயர்ந்துவிட்டாள், எங்கே என்று தெரியவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்திருந்த ஒரு அம்மாவிடம், ஹாக்கி ஆட்டத்துக்கு வந்தீர்களே என்றேன்.

"ஹாக்கியா? தெர்லியேமா." யோசித்தார். "ஆங், கஸ்தூரி இட்டுகினு போவுமே, தூறல் வுடுவாங்களே, அதுவா? எங்கூட்டுக் கொயந்தைங்க இன்னும் கேக்குதுங்க. கஸ்தூரிய பாத்தியா நீ?"

அணி இல்லை, லீக் இல்லை. கயிற்றுக் கடை இருந்த கட்டிடமும் இல்லை. இந்த ஊரில் அந்த ஹாக்கியை நினைத்துக்கொண்டிருக்கிற நாலு பேரும் அதைக் கஸ்தூரியின் தூறல் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நான் ஒரு இடைவேளையில்கூட மேற்கே போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டும் போகவில்லை.

போன வாரம் அந்த வாடைக்கு நின்றேன் என்றேனே, அன்று காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வலையை ஒட்டிப் போய் நின்றேன். பெரியவர் பைப்பை உயர்த்திப் பிடித்தபடி, "தள்ளி நில்லும்மா, மேல பட்டுடும்" என்றார். "படட்டும், நீங்க அடிங்க" என்றேன். அவர் அடித்தார். தண்ணீர் மேலே எழும்பியது. பின்னாலிருந்து கடல் காற்று வந்து என் முதுகில் பட்டது. எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்த பெண்கள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு சிரித்தார்கள். என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. நான் நின்றது கிழக்குப் பக்கம்.