கழுவிய புல்

பண்ணையில் தங்கியிருந்த காலத்தில், மாடுகளை எண்ணாமல் நான் காலைத் தேநீர் குடித்ததில்லை. நூற்றுப் பதினெட்டு. ஒன்று குறைந்தால் திரும்ப எண்ணுவேன். குறையாவிட்டாலும் திரும்ப எண்ணுவேன். மின்சாரக் கம்பியைத் தாண்டி அவை எங்கும் போய்விடப் போவதில்லை என்று தெரியும். ஆனால் அந்த நூற்றுப் பதினெட்டுப் பசுக்களைத் தவிர என் மகளுக்கும் மருமகனுக்கும் இந்த நாட்டில் சொந்தமென்று ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் கல்லூரியொன்றில் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற நான், மனைவியுடன் ஓக்லாந்துக்கு வந்து ஒனிஹங்காவில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தேன். மகளும் மருமகனும் புக்கெகோஹிக்குத் தெற்கே பால் கறந்தார்கள். மருமகன் விவசாய விஞ்ஞானம் படித்தவர். நிலம் ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. மாடுகள் இவர்களுடையவை, வங்கிக் கடனில் வாங்கியவை. பால் வருமானத்தில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. நிலம் வாங்க முடியாத இளம் ஆட்கள் இங்கே கமம் தொடங்குவது இப்படித்தான். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்பது கிழவரின் விருப்பம். மந்தை நன்றாக இருந்தால் புதுப்பிப்பார்.

கமக்காரருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவிகளை நிறுத்தியிருந்த காலம். வங்கி வட்டி ஏறிக்கொண்டே போனது. மருமகன் எங்களை வார இறுதியில் காரில் கூட்டிப்போவார். வழியில் வேலிகளில் தொங்கிய விற்பனைப் பலகைகளை நான் எண்ணிக்கொண்டு வருவேன். முதல் தடவை நான்கு. பிறகு ஏழு. கோடை முடிவதற்குள் பதினொன்று.

"மாமா, உந்தப் பலகையளை எண்ணிறதை விட்டிட்டு றேடியோவைப் போடுங்கோ" என்றார் மருமகன்.

"றேடியோவிலையும் உதைத்தானே தம்பி சொல்லுறாங்கள்."

"அப்ப பாட்டுப் போற இடமாப் பார்த்துத் திருப்புங்கோ."

அந்தக் கோடை காய்ந்துபோனது. புல் எலும்பு நிறமாகி, நடந்தால் நொறுங்கியது. மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நாங்கள் ஒனிஹங்கா வீட்டைப் பூட்டிவிட்டுப் பண்ணையிலேயே போய்த் தங்கினோம். போய்ச் சில நாட்களில் மழை பெய்தது. நல்ல மழை, வெதுவெதுப்பான மழை. கிணற்றை நம்பித் தோட்டம் செய்த ஊரிலிருந்து வந்தவன் நான். குடையை மடக்கி வைத்துவிட்டு முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றேன். மருமகன் மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று மழையைப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"இந்த மழைக்குத்தான் மாமா நான் பயந்தனான்" என்றார்.

அவர் விளக்கியதைக் கேட்டபின் எனக்கும் மழை பிடிக்கவில்லை. காய்ந்த புல்லின் அடியில் செத்த தாளும் சருகும் கிடக்கும். அதன்மேல் சூடான மழை விழுந்தால் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது பரப்பும் தூள்போன்ற வித்திகளில் நஞ்சு உண்டு. மாடு புல்லோடு அதைத் தின்றால் ஈரல் பழுதாகும். ஈரல் பழுதான மாட்டின் தோல் வெயில் பட்டால் வெந்து உரியும், முதலில் முகமும் மடியும். அது வெளியே தெரிவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். வெளியே தெரியும்போது உள்ளே நடந்து முடிந்திருக்கும். மருந்து கிடையாது. சிங்க் என்னும் துத்தநாக உப்பைக் கரைத்துக் கொடுத்தால் முன்கூட்டியே தடுக்கலாம்; அதுவும் அளவு மிஞ்சினால் நஞ்சு. ஆகவே வித்தி எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

எண்ணுவது என்றதும் மருமகன் என்னைப் பார்த்தார்.

பட்டணத்து மிருக வைத்தியர் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு கணக்கு எடுத்துக் கதவில் ஒட்டுவார். ஆனால் ஒரே பண்ணையிலேயே ஒரு பெடக்குக்கும் அடுத்த பெடக்குக்கும் வித்தியாசம் இருக்கும். வேலி போட்டுப் பிரித்த புல்வெளித் துண்டைத்தான் இங்கே பெடக் என்கிறார்கள். எங்களுக்குப் பதினாறு இருந்தன. மருமகன் பழைய நுணுக்குக்காட்டி ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். குசினிக்குப் பக்கத்து அறையில் யன்னலோரம் அதை வைத்தேன். புல்லை நிறுத்து, போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ண வேண்டும். வித்தி எப்படி இருக்கும் என்று வைத்தியர் தன் இடத்தில் எனக்குக் காட்டினார். கறுப்பாக, பீப்பாய்போல, குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்து, ஒரு முனையில் சிறு காம்புடன் இருந்தது. கைக்குண்டு மாதிரி இருக்கும், மறக்கமாட்டீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊரில் அப்போது கைக்குண்டின் வடிவம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. நான் சிரிக்கவில்லை. ஒரு பார்வையில் விரல்விட்டு எண்ணும் அளவைத் தாண்டினால் ஆபத்து என்றார்.

என் முழங்கால் மேடுபள்ளத்தில் நடக்க விடாது. மகளும் மருமகனும் விடியமுன் தொடங்கினால் பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவார்கள். எனவே புல் வெட்டும் வேலை என் மனைவிக்கு வந்தது.

"மாமி, மாடு மேயப்போற பெடக்கிலை குறுக்காலை நடந்து, அங்கை இங்கையாப் புல்லு வெட்டி ஒரு பையிலை கொண்டு வாங்கோ" என்று மட்டும்தான் மருமகன் சொன்னார்.

"புல்லுப் பிடுங்க எனக்குப் படிப்பிக்கிறீரோ?" என்றாள் அவள். அதுவும் உண்மைதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளையாருக்கு அறுகம்புல் சாத்துகிறவள். ஓக்லாந்துக்கு வந்தும் விடவில்லை. ஒனிஹங்காவில் நடைபாதை ஓரத்தில் அறுகைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவள் தினமும் பாண் பையில் புல் கொண்டுவந்தாள். நான் எண்ணினேன். முதல் நாள் ஒன்று. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டு. மருமகன் ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் "எத்தினை மாமா?" என்பார். நான் சொல்வேன். அவருடைய இறுகிய தோள் கொஞ்சம் தளரும். சிங்க் மூட்டைகள் கொட்டகையில் உடைக்காமல் கிடந்தன.

இரண்டு கிழமை இப்படிப் போனது. பிறகு வைத்தியரின் கதவில் எண் ஏறியது. பக்கத்துப் பண்ணையில் சிங்க் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கணக்கு மட்டும் பூச்சியத்தை ஒட்டியே நின்றது.

"எங்கடை நிலம் சரிவு. காத்துப் படும். அதுதான்" என்றார் மருமகன்.

"எனக்கு என்னவோ பயமாக் கிடக்குத் தம்பி."

"அப்பா, கூடினாலும் பயம், குறைஞ்சாலும் பயம்" என்றாள் மகள். "உங்களுக்கு எத்தினை எண்டால் சந்தோசம்? அதைச் சொல்லுங்கோ, நாங்கள் அந்தக் கணக்கையே வைப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் மருமகன் மறுநாள் பின்னேரப் பால் கறந்த பிறகு மாடுகளை வீதியோரப் பெரிய பெடக்கில் விடப்போவதாகச் சொன்னார். வறட்சி முழுவதும் பூட்டிவைத்துக் காப்பாற்றிய இடம் அது. அங்கேதான் புல் அதிகம். செத்த சருகும் அங்கேதான் அதிகம்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெடக்கின் புல் வந்தது. எண்ணினேன். இல்லை. இன்னொரு சொட்டு வைத்தேன். இல்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். வித்தி மட்டுமல்ல, அந்தக் கண்ணாடியில் எதுவுமே இல்லை. மண் துகள் இல்லை, மகரந்தம் இல்லை, பூச்சியின் ஒரு கால் இல்லை. முப்பது வருடம் மாணவர்களோடு குளத்துத் தண்ணீரும் இலைத் தண்ணீரும் பார்த்தவன் நான். மாடு நடக்கும் நிலத்துப் புல்லில் இப்படி ஒரு சுத்தம் கிடையாது.

எழுந்து குசினிக்குப் போனேன். மனைவி அடுத்த பெடக்கின் புல்லோடு தொட்டியடியில் நின்றாள். குழாய் திறந்திருந்தது. வடிதட்டில் புல் கிடந்தது. நுனிக் கொழுந்துகளாகப் பார்த்து ஒரே நீளத்தில் அடுக்கி, பழுத்ததைக் கிள்ளி எறிந்து, தண்ணீரில் அலசி, சுத்தமான துவாயில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"நீர் என்ன செய்யிறீர்?"

"பாத்தால் தெரியேல்லையே? புல்லுக் கழுவுறன்."

"ஏன் கழுவுறீர்?"

"வேறை என்ன, சாணியும் மண்ணுமாத் தரச் சொல்லுறியளோ? உங்கடை கண்ணாடி பழுதாப் போகும் எண்டு நான் பாத்துப் பாத்துச் செய்யிறன், நீங்கள் வந்து முழுசுறியள்."

"எல்லா நாளும் கழுவினனீரோ?"

"பின்னை? கழுவாமல் ஆரும் புல்லுக் குடுப்பினமோ?"

நான் தேடிய அத்தனையும் இரண்டு கிழமையாக அந்தக் குழாய்த் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. அவளோடு கதைக்க நேரமில்லை. கத்தரிக்கோலையும் ஒரு பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு நானே வீதியோரப் பெடக்குக்குப் போனேன். முழந்தாளிட்டு, தரையோடு வைத்து வெட்டி, சருகும் மண்ணுமாக அள்ளினேன். திரும்பி வந்து குலுக்கி, சொட்டு வைத்துப் பார்த்தேன். எண்ணத் தொடங்கினேன், நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். வாழ்நாளில் நான் பாதியில் நிறுத்திய எண்ணிக்கை அது ஒன்றுதான். கண்ணாடி முழுவதும் கைக்குண்டுகள்.

யன்னலால் பார்த்தேன். பால் கறந்து முடிந்து மாடுகள் வரிசையாக அந்தப் பெடக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தன. கேற் திறந்து கிடந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கேற்றை இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டு அதன்முன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு மறித்துப் பழக்கமில்லாதவன். முன்னால் வந்த, மூக்கில் வெள்ளைப் புள்ளியுள்ள பெரிய கறுப்புப் பசு நின்று என் குடையை மணந்தது. பின்னால் நூற்றுப் பதினேழு நெருக்கிக்கொண்டு வந்தன.

"மாமா! விலத்துங்கோ! மிதிச்சுப் போடும்!" மருமகன் பின்னாலிருந்து கத்தினார்.

"விலத்த மாட்டன்! மாமி புல்லைக் கழுவிப் போட்டா!"

"என்னத்தை?"

"கழுவிப் போட்டா! எல்லா நாளும்!"

அவருக்கு விளங்கிவிட்டது. படித்த மனிதர், மூன்றாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு, மாடுகளைத் திருப்பினார்.

அன்று பின்னேரமே சிங்க் மூட்டைகளை உடைத்தார்கள். வீதியோரப் பெடக் பூட்டிக் கிடந்தது. ஆனால் அதற்கு முன்பு, சுத்தமென்று நாங்கள் நம்பிய மற்றப் பெடக்குகளில் மாடுகள் இரண்டு கிழமை மேய்ந்துவிட்டன. அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. பொறுத்திருந்து பார்ப்பதுதான் மிச்சம். மனைவி இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மருமகன் குசினிக்குள் போய், "மாமி, நான்தான் வடிவாச் சொல்லேல்லை. கையிலை கத்தரிக்கோலைப் பிடியுங்கோ, போய்க் குப்பை வெட்டுவம்" என்றார். அவள் அழுதுகொண்டே போனாள்.

ஊரில் நிழலில் நிற்கும் மாட்டைப் பார்த்தால் மனம் ஆறும். அந்த மாதம் நிழலைப் பார்க்கவே பயந்தேன். மத்தியானத்தில் வேலியோர மரங்களின் கீழ் எத்தனை ஒதுங்குகின்றன என்று எண்ணினேன். முதலில் ஒன்று, தலையை ஆட்டி ஆட்டி மடியை நக்கியபடி. பிறகு மூன்று. பிறகு ஒன்பது. வெள்ளைப் புள்ளி உள்ள இடங்களிலெல்லாம் தோல் காகித அட்டைபோல எழும்பியது. மருமகன் அவற்றைப் பகலில் பழைய கொட்டகை இருட்டுக்குள் அடைத்து வைத்தார். நான்கு செத்தன. நிலத்துக்காரக் கிழவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. வெளியே நன்றாகத் தெரியும் மாடுகளிலும் ஈரல் பழுதாகியிருக்கலாம், கன்று போடும்போதுதான் அது விழுந்து காட்டும் என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அப்போது கதைப்போம் என்றார்.

ஆகவே பயத்தைக் குளிர்காலம்வரை தள்ளிப்போட வேண்டியிருந்தது. நூற்றுப் பதினான்கு மாடுகளையும் நான் முகம் முகமாகப் பார்த்தேன். எதன் உள்ளே என்ன இருக்கிறதென்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

கன்றுக் காலத்தில் மழையும் சேறுமாக இருந்தது. ஒவ்வொரு பசுவும் கன்று போட்டு எழும்பி நிற்கும்வரை நான் மூச்சுவிடவில்லை என்றே சொல்லலாம். தோல் உரிந்து தப்பிய ஐந்தில் கடைசியாகக் கன்று போட மிஞ்சியது அந்தப் பெரிய கறுப்புப் பசு. மூக்கில் இன்னும் இளஞ்சிவப்புத் தழும்பு. ஒருநாள் காலையில் கன்று போட்டுவிட்டுச் சேற்றில் படுத்துக் கிடந்தது. மகள் கழுத்தைத் தள்ளினாள். மருமகன் பின்னங்காலடியில் தோள் கொடுத்தார். நான் குடையை அதற்குப் பிடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வேலிக்கு அப்பால் கிழவர் தன் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்படி, எழும்பு" என்றாள் மகள், தமிழில்.

முன்னங்கால் வழுக்கியது. மறுபடி ஊன்றியது. முதுகு தூக்கி, ஆடி, நின்றது. என் குடையை ஒருமுறை மணந்துவிட்டுக் கன்றை நக்கத் திரும்பியது. கிழவர் வண்டியை விட்டு இறங்காமலே, அடுத்த வருடத்துக்கு அந்த வீதியோர வேலியைப் புதுப்பிக்க வேண்டும் என்று மருமகனிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் என்ற சொல்லை நான் இரண்டு தடவை மகளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி பிள்ளையாருக்குப் புல் பிடுங்கி வந்து, தொட்டியடியில் குழாயைத் திறக்காமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ, இதைக் கழுவலாம்தானே?"

"கழுவும்" என்றேன். "ஆனால் தண்ணியைக் கொட்டிப் போடாதையும். ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்."