மனு அக்காவின் இருநூற்று எண்பத்தேழு புகார்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மனு அக்கா என்று கேட்டால், கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டியிருக்கும் தையல் கடையைக் கைகாட்டுவார்கள். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, நீளம் குறைக்கவும் இடுப்பைத் தளர்த்தவும் வந்து தொங்கிக்கொண்டிருக்கும் பேன்ட்டுகள். பின்னால் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் இரண்டு அறைகளில் அவளும் அவள் கணவரும். கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடிவதற்குள் போய்விட்டு மதியம் வந்து படுப்பார். இடியே விழுந்தாலும் அவருக்குத் தூக்கம்தான் முதல்.

மனு எழுதும் வழக்கம் அவளுக்கு நான்கு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அப்போது வாசலில் நிறுத்தும் சைக்கிள்கள் வரிசையாகக் காணாமல் போயின. யாரென்றே தெரியாத ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். குடியிருப்போர் பத்துப் பேர் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போய், சாயங்காலத்தில் ரோந்து வேண்டும் என்று கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரவைத்தார், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க கட்டிடத்துலேர்ந்து ஒரு புகார்கூட வரலையே. புகார் இல்லாத இடத்துக்கு நான் எப்படிங்க ஆள் அனுப்புறது? எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க."

மற்ற ஒன்பது பேரும் இதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். அவள் மட்டும் பிடித்துக்கொண்டாள். எழுத்துத்தானே, எழுதினால் போயிற்று என்று நினைத்தாள். அவள் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும்.

நகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து ஒரே படிவத்தை வைத்திருந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள்: பராமரிப்பு, சுகாதாரம், பாதுகாப்பு. படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று முதலில் பராமரிப்பில்தான் டிக் போட்டாள். ஆறு மாதம், கிணற்றில் போட்ட கல். எரிச்சலில் அதே விளக்குக்கு மறுபடி எழுதி, இந்த முறை பாதுகாப்பில் டிக் போட்டாள். மூன்றாம் நாள் ஏணியோடு ஆள் வந்து நின்றான்.

அன்றைக்கு அக்காவுக்குப் பிடிபட்டது ஒரு பெரிய ரகசியம். அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் எது கெட்டாலும் பாதுகாப்புதான். குழாய் ஒழுகினால் பாதுகாப்பு. குப்பை வண்டி வராவிட்டால் பாதுகாப்பு. லிஃப்ட் குழிக்குள் பூனை விழுந்து கத்தியபோதுகூட, 'அடையாளம் தெரியாத நடமாட்டம்' என்று எழுதி, பாதுகாப்பில் டிக் போட்டு, பூனையை மீட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு காவலர்கள் டார்ச்சோடு படியேறி இறங்க ஆரம்பித்தார்கள். குடிகாரர்கள் ஜாகையை மாற்றினார்கள். அக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். மூன்றாம் மாடி பஸ் டிரைவர், "அக்கா மட்டும் இல்லைன்னா நாம நாறிப்போயிருப்போம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவரும் தன் பங்குக்கு அக்காவிடம் ஏழெட்டு மனு எழுதி வாங்கினார்.

இவ்வளவுக்கும் நடுவில் உண்மையான பாதுகாப்புப் புகார்களும் இருந்தன. அதில் ஒன்று, இரண்டாம் மாடி நர்ஸ் பெண்ணுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால், ரோந்து வராத ஒரு விடுமுறை நாளில், வேலை முடிந்து படியேறியவளை அடுத்த தெருக்காரன் ஒருவன் சுவரோடு சேர்த்து அழுத்தினான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டுக் கத்தினாள். முதலில் ஓடிப் போனது மனு அக்காதான், கையில் கத்தரிக்கோலோடு. அவன் பிடிபட்டான். அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகியிருந்ததால் புகாரையும் அக்காவே எழுதினாள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை காலை, பேட்டையின் பாதுகாப்பு, மறுசீரமைப்பு பற்றிக் கலந்து பேசலாம் வாருங்கள் என்று நகராட்சி அழைத்தது. எல்லோரும் தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். மைக் கீச்சிட்டது. பிஸ்கட் கொடுத்தார்கள். சுவரில் ஒரு வரைபடம். அதில் பேட்டை முழுக்க வெளிர் மஞ்சள், ஒரே ஒரு கட்டம் மட்டும் ரத்தச் சிவப்பு. அது அவர்களுடைய கட்டிடம்.

மறுசீரமைப்பு அதிகாரியான ஒரு அம்மாள் நயமான குரலில் விளக்கினார். "நாலு வருஷத்துல இருநூத்தி எண்பத்தேழு பாதுகாப்புப் புகார். இந்த நகரத்துலேயே அதிகம். குடியிருக்கவே லாயக்கில்லாத இடம்னு கணக்கு காட்டுது. அதனால இடிச்சிட்டுப் புதுசா கட்டலாம்னு பரிந்துரை. அதுவரைக்கும் உங்களுக்கு ஊருக்கு வெளியில இடம் தருவோம்."

"திரும்பி வரலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

"பரிசீலிக்கப்படும்."

அக்காவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. எழுந்து நின்றாள். "மேடம், அதுல பாதிக்கு மேல குழாயும் பல்பும்தான். நான்தான் எழுதினேன். பராமரிப்புன்னு போட்டா நீங்க யாரும் வர்றதில்ல. அதான் பாதுகாப்புன்னு போட்டேன்."

அந்த அம்மாள் காகிதத்தைப் புரட்டினார். "நூத்திப் பன்னெண்டாவது புகார். அடையாளம் தெரியாத நடமாட்டம். இதுவும் குழாயா?"

"அது பூனைங்க."

அரங்கமே சிரித்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வராதது அவர்கள், வரவைத்தது இவள், சிரிப்பு மட்டும் இவளைப் பார்த்து. அந்த அம்மாள் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு மரியாதை. புகார் கொடுத்தவரே வெள்ளிக்கிழமைக்குள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், கட்டிடத்தை இடிக்கும் பட்டியலிலிருந்து பழுதுபார்க்கும் பட்டியலுக்கு மாற்ற விதி இருக்கிறது என்றார். ஒரே கடிதம், ஒரே கையெழுத்து போதும். அந்த முகவரியின் புகார் அத்தனையும் நீங்கிவிடும்.

"அத்தனையும்னா? கோர்ட்ல இருக்கிறதுமா?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரே முகவரி, ஒரே கையெழுத்து. அதுவும் சேர்ந்து போயிடும். எதிர்த்தரப்பு வக்கீல் விட்டுவைக்க மாட்டான்."

வீடு திரும்புவதற்குள் கட்டிடமே இரண்டுபட்டது. இரண்டு என்றால் ஒரு பக்கம் எல்லோரும், மறுபக்கம் அக்கா. கடை வாசலில் ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். முந்தாநாள் வரை கையெடுத்துக் கும்பிட்டவர்கள், "உன்ன யாரு இத்தன எழுதச் சொன்னது?" என்று கேட்டார்கள். டிரைவர் எல்லோருக்கும் மேலே போனார்.

"அந்தப் பொண்ணுக்கு நடந்தது தப்புதான், நான் இல்லேங்கல. அதுக்காக முப்பது குடும்பம் தெருவுல நிக்கணுமா? ஒரு கையெழுத்து அக்கா, ஒரே ஒரு கையெழுத்து!"

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். யாரோ ஒருவருடைய பேன்ட்டை இரண்டு அங்குலம் குறைப்பதற்குப் பதில் நான்கு அங்குலம் வெட்டிவிட்டாள். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு பிழை செய்ததில்லை. கணவர் எழுந்து வந்து வெட்டுப்பட்ட பேன்ட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டுடு" என்றார். "நமக்கும்தானே வீடு."

"நீங்க போய்த் தூங்குங்க."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நர்ஸ் பெண்ணே கடைக்குள் வந்து, "கையெழுத்துப் போட்டுடுங்கக்கா" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டு அந்தப் பெண் இஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் என்னையே பாக்குறாங்கக்கா. என்னால படியேற முடியல. எனக்கும் வேற எங்க போறதுன்னு தெரியல."

"வாய மூடு" என்று கத்தினாள் அக்கா. கத்தியது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனை ஜாமீனில் விட்டவர்கள்மேலா, பல்ப் மாற்ற ஆறு மாதம் எடுத்தவர்கள்மேலா, டிக் போட்ட தன் கைமேலா? அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சி கவுன்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவை அவளுக்கு நான்கு வருடப் பழக்கம்.

"மொத்தமாத்தான் வாபஸ் வாங்கணுமா? ஒண்ண மட்டும் விட்டுட முடியாதா?"

"ஒரே கடிதம்னா மொத்தமாத்தான். இல்லேன்னா ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கடிதம், உங்க கையால, காரணத்தோட. யாரும் அப்படிச் செஞ்சதில்லக்கா."

"அந்த ஒண்ணு பாக்கி இருந்தா இடிப்பாங்களா?"

"கோர்ட்ல இருக்கிறது எங்க கணக்குல வராது. மத்தது ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

இருநூற்று எண்பத்தாறு கடிதங்கள். வெள்ளி நாலு மணிக்குள்.

அக்கா எழுதினாள். துணி வெட்டும் மேசையில் காகிதக்கட்டை வைத்துக்கொண்டு, கண் எரிய எரிய எழுதினாள். விரல் மரத்துப்போனது. விஷயம் பரவியதும் ஒவ்வொருவராக வந்து கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்கெல்லாம் அங்கே யாருக்கும் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய ரசீதுகளைப் பார்த்து எண்களை வாசிக்க ஆரம்பித்தார்.

"எழுபத்தெட்டு. குழாய்."

'தவறுதலாகப் பதிவான புகார். திரும்பப் பெறுகிறேன்.'

"எழுபத்தொன்பது. குப்பை."

'தவறுதலாகப் பதிவான புகார். திரும்பப் பெறுகிறேன்.'

"எண்பது..." டிரைவர் நிறுத்தினார். அது அவருடைய மோட்டார் சைக்கிள். பட்டப்பகலில் பூட்டை உடைத்துக் கொண்டுபோனது. "அக்கா, இது நெசமாவே போச்சே."

"தெரியும். எழுதத்தானே வேணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுதினாள். நாலாவது மாடி விதவை அம்மாளின் கழுத்தில் சங்கிலியை அறுத்தார்களே, அதையும் தவறுதலாகப் பதிவானது என்று எழுதினாள். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொருத்தியைப் பொய்யாக்குகிறோமே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கட்டைக் கவுன்டரில் வைத்தாள். குமாஸ்தா எண்ணி முடித்து முத்திரை குத்துவதற்குள் நாலு மணி அடித்துவிடுமோ என்று கால் தரையில் நிற்கவில்லை. குத்திவிட்டான்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கட்டிடம் பழுதுபார்க்கும் பட்டியலுக்கு மாறியது. மூன்றாம் மாடியில் பாட்டுப் போட்டார்கள். டிரைவர் மறுபடி, "அக்கா மட்டும் இல்லைன்னா" என்று ஆரம்பித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்ததில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு டார்ச் வெளிச்சம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அக்கா காவல் நிலையத்துக்குப் போனாள். அதே இன்ஸ்பெக்டர், அதே மரியாதை, அதே கம்ப்யூட்டர்.

"நாலு வருஷத்துல உங்க கட்டிடத்துல ஒரே ஒரு சம்பவம்தான் காட்டுது. அமைதியான இடம்னு வருது. ரோந்த வேற பக்கம் மாத்திட்டாங்க."

"அந்த ஒண்ணு யாருன்னு தெரியுமா சார்? அவன் அடுத்த தெருவுலதான் இருக்கான்."

"தெரியும்மா. என் கையில இல்ல."

"சரி, நான் புதுசா புகார் எழுதறேன்."

இன்ஸ்பெக்டர் மனிதர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இருநூத்தி எண்பத்தாறு புகார் தவறுதல்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இனிமே உங்க கையெழுத்த யாரும்மா நம்புவாங்க?"

அக்கா வெளியே வந்து காவல் நிலையச் சுவரோரம் நின்று அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனை வருடம் சொன்னதைச் சொன்னபடி செய்தவளுக்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். நர்ஸ் பெண் ஏழு பத்து வண்டியில் வருவாள்.

அன்றிலிருந்து தினமும் போகிறாள். ஏழு மணிக்கு மெஷினை மூடி வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வழக்கு விசாரணை மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. மழை பெய்தாலும் முட்டி வலித்தாலும் அவள் தள்ளிப்போடுவதில்லை. இவளுக்கு என்ன வேண்டுதல் என்று நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் நினைத்திருக்கலாம்.

போன வாரம் ஒரு நாள் ஏழு பத்து வண்டியிலிருந்து நர்ஸ் பெண் இறங்கினாள். பின்வாசல் வழியாக அவனும் இறங்கினான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கை சில்லிட்டுப்போயிருந்தது.

"நடம்மா" என்றாள்.

நடந்தார்கள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அருகில் வரவும் இல்லை, விலகவும் இல்லை. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், கையில் ஒன்றும் இல்லை. தன் பயம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, பட்டன் அறுந்த சட்டையைப் பற்றியும் தைக்கக் கொடுத்துவிட்டு வராதவர்களைப் பற்றியும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தாள்.